சம்பளம் ஏத்திக் கொடுத்தும் ஸ்டாஃப் ஏன் ஆர்வமில்லாம இருக்காங்க?

நீங்க கேட்ட இந்த கேள்விக்கு ஃப்ரெடரிக் ஹெர்ஸ்பெர்க்ங்கிற அமெரிக்க உளவியலாளர் 1959லயே ஒரு பதில் சொல்லிட்டாரு. சுமார் 200 இன்ஜினியர், அக்கவுண்டன்ட்கள்கிட்ட, வேலையில ரொம்ப சந்தோஷமா இருந்தது எப்போ, ரொம்ப வெறுத்துப்போனது எப்போன்னு கேட்டாங்க, வந்த பதில்கள பார்த்தா ரெண்டுக்கும் காரணம் பெரும்பாலும் வேற வேறயா இருந்துச்சு.

இத வச்சு அவர் சொன்ன தியரி இதுதான்: சம்பளம், கம்பெனி ரூல்ஸ், மேனேஜர் நடத்துற விதம் இதெல்லாம் சரியில்லன்னா ஆளுங்க கடுப்பாவாங்க, சரி பண்ணினா கடுப்பு போகும், ஆனா அதனாலயே ஆர்வம் வந்துடாது. ஆர்வம் வர்றது வேலையில இருந்துதான், அதாவது ஒண்ண முடிச்ச திருப்தி, நல்லா பண்ணேன்னு ஒருத்தர் சொல்றது, பொறுப்பு, வளர்ச்சி.

கஸ்டமர் சர்வீஸ்ல இருக்கவர எடுத்துக்கோங்க. ஒரு சின்ன ரீஃபண்டுக்குக்கூட மேனேஜருக்கு மெயில் போட்டு காத்திருக்கணும், அந்தப் பக்கம் கஸ்டமர் லைன்லயே கத்திட்டு இருப்பாரு. இவருக்கு சம்பளம் கூட்டினாலும் நாளைக்கும் அதே காத்திருப்புதானே? ஒரு குறிப்பிட்ட தொகை வரைக்கும் நீங்களே முடிவு பண்ணுங்கன்னு விட்டுப்பாருங்க, பிரச்சனைய தீர்த்து வைக்கிறது அப்போ அவரோட வேலையாயிடுது.

இத வச்சு சம்பளத்த குறைச்சிட்டு பாராட்டு மட்டும் கொடுக்கலாம்னு மட்டும் நினைச்சுடாதீங்க, அது அநியாயம், ஹெர்ஸ்பெர்க்கும் அப்படி சொல்லல.

இந்த தியரி மேல விமர்சனமும் இருக்கு. நல்லது நடந்தா தன்னாலன்னும் கெட்டது நடந்தா கம்பெனியாலன்னும் சொல்றது மனுஷ சுபாவம், கேள்வி கேட்ட முறையே அந்தப் பதில வரவெச்சிருக்கலாம்னு சொல்றாங்க. எனக்கும் அது நியாயமாத்தான் படுது. அதனால முதல்ல உங்க ஸ்டாஃப் ஒவ்வொருத்தர்கிட்டயும் தனியா உக்காந்து, வேலையில எது தடுக்குதுன்னு கேளுங்க.