கண்மாயில் கூடு கட்டும் நாரைகள்: ஓய்வுபெற்ற ரேஞ்சர் பதில்கள்

கேள்வி: எங்கள் ஊர்க் கண்மாயில் மழைக்காலத்தில் நாரைகள் வந்து, தண்ணீர் தேங்கும் உள்வாயில் நிற்கும் கருவேல மரங்களில் கூடு கட்டுகின்றன. கண்மாய்க்கு ஒரு மேலாண்மைத் திட்டம் எழுதும் பொறுப்பை ஊராட்சியில் என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். கல்லூரி மாணவர்கள் தயாரித்த நகலை இணைத்திருக்கிறேன். சரியாக இருக்கிறதா?
– பள்ளி ஆசிரியை, திருப்பத்தூர் வட்டம், சிவகங்கை மாவட்டம்

பதில்: முழுக்கப் படித்தேன், டீச்சர். பிள்ளைகள் உழைத்திருக்கிறார்கள். நத்தைக்குத்தி நாரை, பாம்புத்தாரா, வக்கா என்று பட்டியலில் ஒன்றையும் விடவில்லை. கரையில் நடைபாதை, வரிசையாக விளக்கு, படகு சவாரி கூட உண்டு. வயலுக்குத் தண்ணீர் போகும் மடையை எப்போது மூடுவது, யார் மூடுவது என்பதுதான் எந்தப் பக்கத்திலும் இல்லை.

உங்கள் கண்மாயில் சண்டை வரப்போவது மாசி மாதத்தில்தான். தை அறுவடை முடிந்தால் வயலுக்குத் தண்ணீர் வேண்டாம். மீன் பாசி ஏலம், அதாவது கண்மாய் மீனைப் பிடிக்கும் உரிமையை எடுத்தவர், தண்ணீர் சீக்கிரம் வடிந்தால் வலை வீச வசதி என்று மடையைத் திறக்கப் பார்ப்பார். பணம் கட்டியவர், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த நேரத்தில் கூட்டில் குஞ்சுகள் பாதி வளர்ந்து, பறக்கத் தெரியாமல் இருக்கும். மரத்தடியில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிற வரைக்கும் நாயும் பூனையும் கிட்டே போகாது. வடிந்து சேறு இறுகியதும் நாய்கள் வந்து மரத்தடியிலேயே படுத்துக்கொள்ளும். காற்றடித்தால் ஒரு குஞ்சாவது விழும் என்று அவற்றுக்குத் தெரியும். பணியில் இருந்தபோது இதை நேரில் பார்த்திருக்கிறேன்.

அதனால் முதலில் ஒரு கூட்டம் போடுங்கள். ஆயக்கட்டுக்காரர்கள் (கண்மாய்ப் பாசன நிலம் உள்ளவர்கள்), மடையைத் திறந்து மூடும் நீர்ப்பாய்ச்சி, ஏலக்காரர், ஆடு மேய்ப்பவர், உள்வாயில் விறகு பொறுக்கும் பெண்கள் எல்லாரும் வரட்டும். ஒரு பெரிய தாளில் ஆடி முதல் ஆனி வரை பன்னிரண்டு மாதத்தையும் எழுதி, யாருக்கு எந்த மாதம் கண்மாயில் என்ன வேலை என்று கேட்டுக் குறியுங்கள். எங்கே இருவர் முட்டிக்கொள்கிறார்கள் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். அப்புறம் மடைக்கல்லில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு. பங்குனி முடியும் வரை தண்ணீர் அதற்குக் கீழே இறங்கக் கூடாது. எந்த உயரத்தில் கோடு என்பதை, மரத்தடியில் ஆழம் பார்த்து நீர்ப்பாய்ச்சியே சொல்வார். ஏலக்காரருக்கு நஷ்டம் வராமல், மீன்பிடிக் காலத்தை வைகாசி வரை நீட்டி ஏல நிபந்தனையிலேயே எழுதிவிடுங்கள். நடுவில் போய்க் கெஞ்சினால் யார் கேட்பார்கள்?

விளக்கையும் படகையும் திட்டத்திலிருந்து அடித்துவிடுங்கள்.

கேள்வி: சீமைக் கருவேலத்தை வேரோடு எடுத்து, தூரும் வார வேண்டும் என்று ஊரில் கேட்கிறார்கள். பறவைகள் போய்விடாதா?

பதில்: ஒரே கோடையில் மொத்தத்தையும் வழித்தால் போய்விடும். சீமைக் கருவேலம் கெட்ட மரம்தான், ஆனால் வேறு மரம் இல்லாத கண்மாயில் நாரை அதில்தான் கட்டும். கூடு காலியான பிறகு, சித்திரைக்கு மேல், ஒரு பக்கமாக ஆரம்பியுங்கள். கூடுள்ள மரக்கூட்டத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். வாரிய மண்ணில் கொஞ்சத்தை உள்ளேயே திட்டாகக் குவித்து, நாட்டுக் கருவேலமும் நீர்க்கடம்பும் வையுங்கள். அவை கூடு தாங்கும் அளவுக்கு வளர்ந்தபின் மிச்சத்தை வெட்டுங்கள். நாட்டுக் கருவேலத்தை மரம் வெட்டும் ஏலத்தில் சேர்த்துவிடப் போகிறார்கள், ஜாக்கிரதை.

கண்மாயில் படியும் கரம்பை மண் எடுக்க வட்டாட்சியர் அனுமதி வேண்டும். கரையை ஒட்டித் தோண்ட விடாதீர்கள், கரை பலவீனமாகும். மடைமட்டத்துக்குக் கீழே போன பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் வயலுக்கு ஏறாது, கோடையில் ஆடு மாட்டுக்கு ஆகும். ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் என்றால் கண்மாய் நீர்வளத்துறையுடையது, குறைவென்றால் ஊராட்சி ஒன்றியத்துடையது. அதை முதலில் உறுதி செய்துகொண்டு மனுவை எழுதுங்கள்.

கேள்வி: இந்தத் திட்டத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டா?

பதில்: 2017 ஈரநில விதிகளை எல்லாரும் காட்டுவார்கள். பாசனத்துக்காகவே வெட்டிய நீர்நிலைகளை அந்த விதிகள் விலக்கி வைத்திருக்கின்றன, அந்த வழி உங்களுக்குக் கடினம். 2002 பல்லுயிர்ச் சட்டம் பக்கம் போங்கள். ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது அது. உங்கள் ஊரில் காகிதத்திலாவது இருக்கும், தேடுங்கள். மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியை 2022-இல் மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது இதே சட்டத்தின் கீழ்தான். நீங்கள் அவ்வளவு தூரம் இப்போதே போக வேண்டாம். திட்டத்தைக் குழுவில் வைத்து, கிராம சபையில் தீர்மானமாக்கினால் போதும்.

கேள்வி: தீபாவளிக்கு வேட்டு வேண்டாம் என்றால் பையன்கள் சிரிக்கிறார்கள்.

பதில்: உங்கள் வட்டத்திலேயே வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறதே, டீச்சர். அதை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகப் பல காலமாக வேட்டு போடுவதில்லை. பையன்களை ஒரு நாள் அங்கே கூட்டிப்போய் அந்த ஊர்ப் பையன்களோடு பேச விடுங்கள். நீங்கள் எதுவும் சொல்லாதீர்கள்.