முன்பே பக்கவாதம் வந்தவருக்குப் புதிய பக்கவாதம்: கண்டறிவது எப்படி?

கேள்வி: அம்பாசமுத்திரம் அருகே ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியராகப் பணிபுரிகிறேன். முன்பே பக்கவாதம் வந்து இடக்கை, இடக்கால் பலவீனமாக உள்ள ஆச்சி ஒருவருக்குக் காலையில் பேச்சு குழறியது. தூக்கக் கலக்கம் என்று எண்ணி, மதியம்தான் மருத்துவமனைக்கு அனுப்பினோம். இத்தகையவர்களிடம் புதிய பக்கவாதத்தை எப்படிக் கண்டறிவது?

பதில்: வாய் கோணுதல், கை தாழ்தல், பேச்சு குழறுதல் ஆகிய அடையாளங்களை நீங்கள் அறிவீர்கள். ஆனால் வாயும் கையும் முன்பே பாதிக்கப்பட்டவரிடம், நேற்றுவரை அவர் எப்படி இருந்தார் என்பது தெரியாமல் எதையும் முடிவு செய்ய இயலாது. ஆகவே ஒவ்வொருவரின் வழக்கமான நிலையையும் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். ‘இடப்பக்கம் பலவீனம்’ என்று மட்டும் எழுதுவதால் பயனில்லை. ‘இடக்கையைத் தோள்வரை தூக்குவார், டம்ளரைப் பிடிக்க மாட்டார், சிரித்தால் வாய் வலப்பக்கம் இழுக்கும், பிள்ளைகளின் பெயரைத் தெளிவாகச் சொல்வார்’ என்று எழுதினால்தான், இரவுப் பணிக்குப் புதிதாக வருபவரும் மாற்றத்தை உணர முடியும். காலைக் காப்பி கொடுக்கும் முன் சிரிக்கச் சொல்லி, கண்ணை மூடிக் கைகளை நீட்டச் சொல்லி, ஒரு வாக்கியம் பேசச் சொல்லிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். திடீரென உட்கார முடியாமல் சாய்வதும், தட்டில் ஒரு பக்கத்துச் சோற்றை மட்டும் தொடாமல் விடுவதும்கூட அடையாளங்களே.

மாற்றம் தெரிந்ததும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலும் பேச்சு குழறும். இறங்கியிருந்தால் வாயில் எதையும் புகட்டாமல், மருத்துவர் சொற்படி நரம்பு வழியே குளுக்கோஸ் கொடுங்கள். கிருமித் தொற்றின்போது பழைய பலவீனம் மீண்டும் தலைகாட்டுவதுண்டு என்றாலும், அதைப் பிரித்தறிவது மருத்துவமனையின் வேலை.

இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்தக் கணக்கு, நீங்கள் கண்டுபிடித்த நேரத்திலிருந்து அல்ல, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து தொடங்குகிறது. இரவு 10 மணிக்கு மாத்திரை விழுங்கியபோது தெளிவாக இருந்தவர் காலை 6 மணிக்குக் குழறினால், எட்டு மணி நேரம் ஏற்கெனவே போய்விட்டது. ஆயினும் கைவிட வேண்டாம். மூளையின் பெரிய இரத்தக் குழாயில் உள்ள அடைப்பைக் கருவி செலுத்தி அகற்றும் சிகிச்சை, தகுந்த சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் பலன் தரும். பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் மருத்துவமனைக்கு உங்கள் பகுதியிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரமாவது ஆகும் என்பதால், முதலில் 108-ஐ அழைத்துவிட்டுப் பிறகு வீட்டாருக்குச் சொல்லுங்கள். மாத்திரைச் சீட்டைக் கையோடு அனுப்புங்கள்.

அடைப்பா, கசிவா என்பது ஸ்கேனில்தான் தெரியும் என்பதால் அதற்குமுன் ஆஸ்பிரின் கூடாது. இரத்த அழுத்தத்தை அவசரமாகக் குறைக்கவும் கூடாது. உறவினர் புறா இரத்தம் தேய்க்க வந்தால் மரியாதையாக, ஆனால் உறுதியாக மறுத்துவிடுங்கள். அதில் வீணாவது நேரம்.

தடுப்பைப் பொறுத்தவரை, அழுத்த மாத்திரை ஒருநாளும் விடுபடக் கூடாது. கருவாடு, அப்பளம், மோர்மிளகாய் ஆகியவற்றைக் குறைக்க வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது நாடிதான். வாரம் ஒருமுறையேனும் ஒரு முழு நிமிடம் கையால் தொட்டு எண்ணுங்கள். துடிப்பு தாறுமாறாக இருந்தால் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். அப்படித் துடிக்கும்போது இதயத்தில் உருவாகும் இரத்தக் கட்டி மூளைக்குப் போவதைத் தடுக்க மாத்திரை உண்டு. ஆச்சிக்கு அந்தச் சோதனை செய்யப்பட்டதா என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள். இல்லையெனில் அடுத்த முறை போகும்போது கேளுங்கள்.