கொதிக்கப்போகும் தண்ணீர் ஏன் இரைகிறது?

அடுப்பில் வைத்த தண்ணீர் கொதிப்பதற்கு முன் 'உஸ்ஸ்' என்று இரைகிறது. தளதளவென்று கொதித்ததும் அந்த இரைச்சல் அடங்கிவிடுகிறதே, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்!

ஆரம்பத்தில் பாத்திரத்தின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும் பொடிக் குமிழிகளை விட்டுவிடுங்கள். அவை தண்ணீரில் கரைந்திருந்த காற்று. சூடு ஏறினால் வெளியேறிவிடும், சத்தம் போடாது.

இரைவது அடுத்து வரும் நீராவிக் குமிழிகள். அடித்தட்டை ஒட்டிய தண்ணீர் 100 டிகிரி செல்சியஸைத் தொட்டிருக்கும்போது, சற்று மேலே உள்ளது இன்னும் 80, 85 டிகிரியில்தான் இருக்கும். அடியில் பிறந்த குமிழி கொஞ்சம் மேலே வந்ததும் அந்தக் குளிர்ச்சியில் உள்ளிருக்கும் ஆவி சட்டென்று நீராகிவிடுகிறது. ஆவியாக இருந்தபோது அது அடைத்திருந்த இடம் நீரைப் போல ஏறத்தாழ 1,600 மடங்கு. அந்த இடம் திடீரென்று காலியானால்? சுற்றியுள்ள தண்ணீர் நாலாபுறமிருந்தும் பாய்ந்து ஒன்றோடொன்று அறைந்துகொள்கிறது. ஒவ்வொரு குமிழிக்கும் ஒரு சின்ன 'டிக்'. ஒரு நொடியில் ஏராளமான 'டிக்'குகள் சேர்ந்தால் அதுதான் இரைச்சல்.

மொத்தத் தண்ணீரும் கொதிநிலைக்கு வந்தபின் குமிழிகள் வழியில் நசுங்குவதில்லை. மேலே வந்து சாவகாசமாக உடைகின்றன. காதிலேயே இது தெரிந்துவிடும். நான் மூடியைத் திறந்து பார்ப்பதே இல்லை.