மலைநடைக்கு 8×32 போதுமா, 10×42 வேண்டுமா?

முதுகுப்பையுடன் பல நாள் நடந்து பறவை பார்க்கும் உங்களுக்கு 8×32 பைனாகுலர்தான் ஏற்றது (முதல் எண் உருப்பெருக்கம்; அடுத்தது முன்பக்க வில்லையின் விட்டம், மி.மீ.-இல்). இரவல் வாங்கிய 10×42-இல், மேடேறி நின்றதும் பறவை நிலைகொள்ளாமல் ஆடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கருவியின் பழுது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. பத்து மடங்கு உருப்பெருக்கம் பறவையை மட்டுமன்றி, மூச்சிரைப்பால் எழும் கைநடுக்கத்தையும் அதே அளவு பெருக்கிக் காட்டுகிறது. அடர்ந்த சோலைக்காட்டில் கிளைகளுக்கிடையே பறவையைத் தேடிப் பிடிக்க உதவும் பார்வைப் பரப்பும் அதில் பொதுவாகக் குறுகிவிடுகிறது.

வாங்குமுன், மாடிப்படி ஏறி இறங்கிய கையோடு, தெருக்கோடியிலுள்ள பெயர்ப்பலகையை இரண்டிலும் மாறி மாறிப் படித்துப் பாருங்கள். மூக்குக்கண்ணாடி அணிபவரானால், அதைக் கழற்றாமலே காட்சி வட்டம் முழுவதும் தெரிகிறதா என்பதையும் கட்டாயம் கவனியுங்கள்.

சிறியது மங்கலாக இருக்குமோ என்று அஞ்ச வேண்டாம். 32-ஐ 8-ஆல் வகுத்தால் 4 மி.மீ.; 42-ஐ 10-ஆல் வகுத்தால் 4.2 மி.மீ.; கண்ணை வந்தடையும் ஒளிக்கற்றையின் விட்டம் ஏறத்தாழ ஒன்றே.

ஆனால் விடியலிலும் அந்தியிலும்தான் அதிகம் பார்ப்பீர்கள் என்றால், 5.25 மி.மீ. தரும் 8×42-இன் கூடுதல் எடையைச் சுமப்பது தகும். நைட்ரஜன் நிரப்பிய கருவியில் உட்புறம் ஆவி படியாது. வெளிக்கண்ணாடியில் படியும் ஈரத்தை நீங்கள்தான் மென்துணியால் ஒற்றியெடுக்க வேண்டும்.