பாவம் லூட்டனா? – வாத்தியார் பதில்கள்

சென்ற இதழில் இங்கிலாந்துக் கால்பந்து கிளப்பான லூட்டன் டவுனின் 2023-24 பிரீமியர் லீக் (அங்கே முதல் டிவிஷனுக்கு இப்போதைய பெயர்) சீசனைப் பற்றி எழுதியிருந்தேன். 1992-ல் முதல் டிவிஷனிலிருந்து இறங்கி, ஐந்தாவது டிவிஷன் வரை போய், 31 வருடம் கழித்துத் திரும்பி வந்த கிளப். வந்த வருடமே 18-வது இடத்தில் முடித்து, கடைசி மூன்று கிளப்பில் ஒன்றாக மறுபடி கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "பாவம் சார்" என்றுதான் ஆரம்பிக்கின்றன. இந்தப் "பாவம்" எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்பதைப் பதில்களில் சொல்கிறேன். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். கடிதம் எழுதினது வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்று இரண்டு மாணவர்கள் கேட்டுக்கொண்டதால் எல்லோருக்கும் ஒரே சட்டம்.

லூட்டன் மைதானத்துக்கு யாரோ ஒருத்தர் வீட்டுக்குள் புகுந்துதான் போக வேண்டும் என்று என் அண்ணன் சொல்கிறான். உண்மையா, சும்மா அளக்கிறானா? – பாலக்கோடு மாணவர்

வீட்டுக்குள் இல்லை தம்பி, வீட்டுக்கு அடியில். மைதானத்தின் பெயர் கெனில்வொர்த் ரோடு. 1905-லிருந்து அங்கேதான் ஆடுகிறார்கள். ஒரு பக்கம் ஓக் ரோடு என்று ஒரு தெரு, வரிசையாக ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வீடுகள். அந்த வரிசையின் நடுவில் கீழ்த்தளத்தைக் குடைந்து வழி விட்டிருக்கிறார்கள். வெளியூர் ரசிகர்கள் அதில் நுழைந்து, இரும்புப் படி ஏறி, வீடுகளின் பின்கட்டைப் பார்த்தபடியே கேலரிக்குப் போக வேண்டும். கொடியில் காயும் துணிகூடக் கண்ணில் படும்.

மொத்தமே 12 ஆயிரம் பேருக்குள்தான் உட்கார முடியும். பிரீமியர் லீக் வருகிறது என்றதும் டி.வி. கேமராவுக்கும் விளக்குக்கும் நிருபர்களுக்கும் இடம் வேண்டுமே? பாபர்ஸ் ஸ்டாண்ட் என்ற பக்கத்தையே இடித்துக் கட்டினார்கள். ஒரு கோடி பவுண்டு அளவுக்குச் செலவு. வேலை முடியாததால் பர்ன்லியுடன் ஆட வேண்டிய முதல் உள்ளூர் ஆட்டம் தள்ளிப்போனது. அண்ணனிடம் பந்தயம் கட்டியிருந்தால் பாதிப் பணம் கொடுத்துவிடு.

போர்ன்மவுத்துடன் 3-0 என்று முன்னால் இருந்துவிட்டு 4-3 என்று தோற்றார்களே, இதை எப்படிச் சார் எடுத்துக்கொள்வது? துரதிர்ஷ்டம்தானே? – ஓசூர், தனியார் கம்பெனி ஊழியர்

ஒரு ஆட்டம் அப்படிப் போனால் துரதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். இவர்களுக்கு அது வழக்கமாகவே ஆகிவிட்டது. வரிசையாகப் பாருங்கள். நவம்பர் 5, லிவர்பூல். தாஹித் சோங் 80-வது நிமிடத்தில் கோல் போட்டு 1-0. கூடுதல் நேரத்தில் லூயிஸ் டியாஸ் சமன் செய்தார். டிசம்பர் 5, ஆர்சனல். ஒரு கட்டத்தில் லூட்டன் 3-2 என்று முன்னால். கடைசியில் 97-வது நிமிடத்தில் டெக்லன் ரைஸ் தலையால் முட்டி 4-3 ஆக்கினார். பிப்ரவரி 3, நியூகாசில். அவர்கள் மைதானத்திலேயே 4-2 என்று முன்னால் இருந்து 4-4. அப்புறம் மார்ச் 13, நீங்கள் சொல்லும் ஆட்டம். சோங், ஓக்பெனே, பார்க்லி ஆளுக்கு ஒன்று போட்டு இடைவேளையில் 3-0. இடைவேளை முடிந்து ஐந்து நிமிடத்தில் சோலங்கி ஒன்று, பிறகு சபார்னி, பிறகு செமென்யோ. சுமார் கால் மணி நேரத்தில் 3-3. கடைசிக் கோலும் செமென்யோவுடையதே.

இதற்கு நான் பார்க்கும் காரணம் இதுதான். மேனேஜர் ராப் எட்வர்ட்ஸ் பின்னால் மூன்று பேரை நிறுத்தி, மைதானம் முழுக்க ஆளுக்கு ஆள் துரத்திப் பிடிக்கும் ஆட்டத்தை ஆட வைத்தார். எதிராளியிடம் பந்து போன உடனே மேலே விழுவது. பெரிய கிளப்புகளை நிம்மதியாக மூச்சுவிட விடாத ஆட்டம் அது. ஆனால் அதற்குக் கால் வேண்டும். 70 நிமிடம் அப்படி ஓடினால் மீதி 20 நிமிடத்துக்குக் கால் இருக்காது. ஆர்சனல் மாதிரி கிளப் அந்த நேரத்தில் பெஞ்சிலிருந்து இன்னொரு தேசிய அணி வீரரை இறக்கும். லூட்டன் பெஞ்சில் அப்படி யார்?

கால் ஓய்ந்ததும் என்ன நடக்கும் என்பதை லூட்டனைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. முன்னிலையில் இருக்கும் பையன்கள் தானாகவே பின்னால் நகர்வார்கள். யாரும் சொல்ல வேண்டாம். மாவட்டப் போட்டிகளில் கோட்டுக்கு வெளியே நின்று "மேலே வாங்கடா" என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். கேட்கும், தலையை ஆட்டுவார்கள், இரண்டு அடி முன்னால் வந்துவிட்டு மறுபடி நகர்வார்கள். பெனால்டி பாக்ஸுக்குள் எட்டுப் பேர் நின்றால் கீப்பருக்குப் பந்தே தெரியாது. வெளியிலிருந்து அடிப்பவனுக்குத்தான் வசதி. லூட்டனின் கடைசி கால் மணி நேரம் பல ஆட்டங்களில் இப்படித்தான் இருந்தது. அந்த நேரத்தில் கத்தி வரிசையை மேலே இழுக்க வேண்டிய ஆள் கேப்டன் டாம் லாக்கியர். டிசம்பருக்குப் பிறகு அவர் இல்லை. அதைக் கீழே ஒரு தாயாருக்கு எழுதிய பதிலில் பாருங்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த சீசனில் லூட்டன் அடித்த கோல் 52. எவர்டன் 40, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 49, வுல்வ்ஸ் 50. மூன்று பேரும் தப்பித்தார்கள், லூட்டன் இறங்கியது. காரணம் வாங்கிய கோல் 85. பிரைட்டனை 4-0 என்று அடித்தார்கள், அதில் அடெபாயோவின் ஹாட்ரிக். இப்படி ஆடத் தெரிந்த அணியைப் போய்ப் பாவம் என்றால், அடித்த 52 கோலும் எதிராளி போட்ட பிச்சை என்றாகிவிடும். கோல் போடத் தெரிந்தது, காக்கத் தெரியவில்லை. திட்டுவதானால் அதைத் திட்டுங்கள். பரிதாபப்படாதீர்கள்.

எவர்டனுக்கும் ஃபாரஸ்டுக்கும் பாயின்ட் வெட்டினார்களே. இன்னும் கொஞ்சம் வெட்டியிருந்தால் லூட்டன் தப்பித்திருக்கும். ஏமாற்றிவிட்டார்கள் என்கிறேன், சரியா? – அரூர்

கணக்குப் போடுவோம். வரம்புக்கு மேல் நஷ்டம் காட்டியதற்காக எவர்டனுக்கு முதலில் 10 வெட்டி, மேல்முறையீட்டில் 6 ஆக்கி, பிறகு இன்னொரு வழக்கில் 2 வெட்டினார்கள். மொத்தம் 8 போய் 40-ல் முடித்தது. ஃபாரஸ்டுக்கு 4 போய் 32. லூட்டன் எடுத்தது 26. ஆக ஃபாரஸ்டுக்கு இன்னும் 6 வெட்டியிருந்தால் இருவருக்கும் 26. அப்போது கோல் வித்தியாசம், அதாவது அடித்த கோலில் வாங்கிய கோலைக் கழித்து, பார்ப்பார்கள். லூட்டனுக்கு மைனஸ் 33, ஃபாரஸ்டுக்கு மைனஸ் 18. அப்போதும் லூட்டன்தான் இறங்கும். நீங்கள் வக்கீலாக இருந்தால் வேறு வாதம் தேடுங்கள்.

பாயின்ட் வெட்டு என்றால் என்ன என்று லூட்டன்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2008-09-ல் அவர்களுக்கே 30 பாயின்ட் வெட்டி, சீசனை மைனஸ் 30-ல் ஆரம்பிக்க வைத்தார்கள். அதோடுதான் மேல் நான்கு டிவிஷனை விட்டே ஐந்தாவது டிவிஷனுக்குப் போனார்கள். வெளியே வர ஐந்து வருடம் ஆனது. எட்டுக்கே எவர்டன் ரசிகர்கள் போட்ட கூச்சலை லூட்டனில் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

என் மகன் ஒன்பதாவது படிக்கிறான், பள்ளி அணியில் ஆடுகிறான். லாக்கியர் விழுந்ததை நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து அவனை அனுப்பவே பயமாக இருக்கிறது. – பென்னாகரம், ஒரு தாய்

அம்மா, முதலில் நடந்ததைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். லாக்கியர் இரண்டு தடவை விழுந்தார். முதல் தடவை 2023 மே 27, வெம்பிளியில், லூட்டன் பெனால்டியில் கவென்ட்ரியை ஜெயித்து மேலே வந்த அதே ஆட்டத்தில். இதயத் துடிப்பு ஒழுங்கில்லை என்று கண்டுபிடித்துச் சிகிச்சை கொடுத்து, ஆடலாம் என்று டாக்டர்கள் சொன்ன பிறகே ஆடினார். டிசம்பர் 16 அன்று போர்ன்மவுத்தில் ஆடும்போது இதயமே நின்றுவிட்டது. மருத்துவக் குழு அங்கேயே இருந்ததால் பிழைத்தார். 1-1 என்று இருந்த ஆட்டத்தை அப்படியே நிறுத்தினார்கள். மேலே ஓசூர்க்காரர் கேட்ட 3-0 ஆட்டம், இதை முதலிலிருந்து மறுபடி ஆடியதுதான். பிறகு அவர் நெஞ்சில் சின்னக் கருவி ஒன்றைப் பொருத்தினார்கள். துடிப்பு தப்பினால் அதுவே மின்சாரம் கொடுத்துச் சரிசெய்யும். 2021 யூரோ போட்டியில் விழுந்த டென்மார்க்கின் எரிக்சனுக்கும் அதே கருவிதான். அடுத்த வருடமே பிரென்ட்ஃபோர்டுக்கு ஆட வந்துவிட்டார்.

இளம் வயதில் இப்படி நடப்பது அரிது. உங்கள் மகன் ஓடும்போது மயங்கி விழுந்திருக்கிறானா, நெஞ்சு வலி என்று சொன்னானா, உங்கள் குடும்பத்தில் சின்ன வயதில் யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்களா? ஒன்று உண்டென்றாலும் டாக்டரிடம் சொல்லி ஈசிஜி எடுங்கள், அவர் சரி என்று சொல்லும்வரை ஆட வேண்டாம். எதுவும் இல்லையென்றால் தைரியமாக அனுப்புங்கள்.

பயத்துக்குப் பதிலாகப் பள்ளியில் ஒன்று கேளுங்கள்: விழுந்த பிள்ளைக்கு நெஞ்சை அழுத்த அங்கே யாருக்குத் தெரியும்? கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு இல்லை என்றால் 108-க்கு ஒருவர் போன் போட வேண்டும். இன்னொருவர் நெஞ்சு நடுவில் இரு கையையும் வைத்து, நிமிடத்துக்கு 100-லிருந்து 120 தடவை, அழுத்தமாக, நிறுத்தாமல் அழுத்த வேண்டும். தண்ணீர் தெளிப்பது, சோடா கொடுப்பது, சாவிக்கொத்தைக் கையில் திணிப்பது எல்லாம் நம் ஊரில் நான் பார்த்தவை. ஒன்றுக்கும் உதவாது, நேரம்தான் போகும்.

எங்களுக்கு சீசன் என்றால் மாங்காய்தான். அவர்கள் சீசன் எப்போது சார்? – காவேரிப்பட்டணம், தோப்புக்காரர்

உங்கள் மாங்காய் லாரி ஏறி முடிந்து, ஆகஸ்டில் ஆரம்பிப்பார்கள். மே மாதம், உங்களுக்கு வேலை கழுத்தை நெரிக்கும்போது முடிப்பார்கள். மொத்தம் 20 கிளப், ஆளுக்கு 38 ஆட்டம், கடைசி மூன்று கிளப் கீழே. அந்த வருடம் மேலே வந்த மூன்றும், லூட்டன், பர்ன்லி, ஷெஃபீல்டு யுனைடெட், அப்படியே கீழே போயின. 1997-98-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. தோட்டத்து மல்கோவா ஒரு கூடை அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். ஆசிரியர் குழுவுக்கு வேண்டாம், எனக்கு வரலாம்.

இறங்கிய கிளப்புக்கும் கோடிக்கணக்கில் பணம் தருவார்களாமே. அப்படியிருந்தும் லூட்டன் ஏன் மறுவருடமும் இறங்கியது? – கிருஷ்ணகிரி, கல்லூரி மாணவி

பணம் உண்டு கண்ணு. டி.வி. வருமானத்தில் எல்லா கிளப்புக்கும் சமமாகப் பிரிக்கும் பங்கிலிருந்து, இறங்கியவர்களுக்கு முதல் வருடம் 55 சதவீதம், இரண்டாம் வருடம் 45. மூன்றாம் வருடத்து 20 சதவீதம், மேலே ஒரே ஒரு சீசன் இருந்தவர்களுக்குக் கிடையாது. லூட்டனுக்கு ஆக இரண்டு வருடம்தான்.

ஆனால் தோற்றுப் பழகிய அணியைப் பணம் உடனே திருத்திவிடாது. எட்வர்ட்ஸ் 2025 ஜனவரியில் வெளியேறினார். கடைசி நாளில் வெஸ்ட் பிராமிடம் 5-3 என்று தோற்று, ஹல் சிட்டியும் அவர்களும் அதே 49 பாயின்ட் எடுத்தும் கோல் வித்தியாசத்தில் கீழே போனார்கள். அங்கேயும் அதே நோய்தான், வாங்கிய கோல். புதிய மைதானத்துக்குப் பவர் கோர்ட் என்ற இடத்தில் அனுமதி வாங்கியிருக்கிறார்கள். எனக்குக் கேட்டால் முதல் செங்கலுக்கு முன்னால் இரண்டு நல்ல டிஃபெண்டர் வாங்கியிருப்பேன்.

2016-ல் சாம்பியன் ஆன லெஸ்டரை விட்டுவிட்டு இறங்கினவர்களைப் பற்றி எதற்கு எழுதுகிறீர்கள்? – ஊத்தங்கரை

லெஸ்டரைப் பற்றி எழுத ஊரே இருக்கிறது. அந்த லெஸ்டரும் 2023-ல் இறங்கியது, லூட்டன் மேலே வந்த அதே கோடையில். லூட்டனில் பெலி ருடாக் எம்பன்சு என்று ஒரு மிட்ஃபீல்டர். ஐந்தாவது டிவிஷனில் சேர்ந்து, அதே கிளப் சட்டையிலேயே பிரீமியர் லீக் வரை ஆடினவர். அவருக்கு முன்னால் யாருக்கும் அது வாய்க்கவில்லை. எழுத எனக்கு அது போதும்.

சில மாதம் இரவு ஏழரைக்கு ஆட்டம், சில மாதம் எட்டரைக்கு. போன் தப்பாகக் காட்டுகிறதா? – ஓசூர், ஷிப்ட் வேலை

போன் சரி. இங்கிலாந்தில் மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி, அக்டோபர் கடைசி ஞாயிறு திரும்ப வைப்பார்கள். அங்கே சனி மதியம் மூன்று மணி ஆட்டம் என்றால் வெயில் காலத்தில் நமக்கு இரவு 7:30, குளிர் காலத்தில் 8:30. அங்கே இரவு எட்டு மணி ஆட்டம் குளிர் காலத்தில் நமக்கு நள்ளிரவு 1:30. முதல் ஷிப்ட் ஆறு மணிக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். மெஷினுக்கு முன்னால் நிற்கிற ஆள் அதைப் பார்க்கக் கூடாது. மறுநாள் சாயங்காலம் முழு ஆட்டமும் போட்டுப் பாருங்கள், அதுவரை கேன்டீனில் யாரிடமும் ஸ்கோர் கேட்காதீர்கள்.