அகதிப் பெண்களின் 'மறுவாழ்வு' என்றால் என்ன? அதற்கு ஏன் இவ்வளவு காலம் ஆகிறது?

போருக்கோ கலவரத்துக்கோ அஞ்சி நாட்டைவிட்டு வந்த பெண், புது இடத்தில் வீடு, வருமானம், பிள்ளைகளின் படிப்பு, சட்டப்படி ஓர் அடையாளம் என எல்லாவற்றையும் திரும்பத் தேடிக்கொள்வதுதான் மறுவாழ்வு. காவிரிக் கரைக்காரர்கள் இதைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். திருச்சி கொட்டப்பட்டிலேயே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது.

வீடும் கூலி வேலையும் எப்படியோ அமைந்துவிடும். நிஜமான முட்டுக்கட்டை சட்டம்தான். அகதிகளின் உரிமைகளைச் சொல்லும் 1951 ஐ.நா. அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. அதனால் எத்தனை வருடம் இருந்தாலும் ஏட்டில் வெளிநாட்டவர். இங்கேயே பிறந்தாலும், 1987 ஜூலை 1 அல்லது அதற்குப் பிறகு என்றால், பிறப்பால் குடியுரிமை கிடைக்கப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். முகாமில் பிறந்து பட்டம் வாங்கிய பெண் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாமல் நிற்பது இதனால்தான். கணவனை இழந்து வந்தவளுக்கோ சுமை இரட்டிப்பு: சம்பாதிப்பதும் அவள், ஆபீஸ் ஆபீஸாக அலைவதும் அவள்.

நம் ஊர் நாற்றங்காலை நினைத்துப் பாருங்கள். ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்கும் என்று நம்பி விதை விட்டாயிற்று, தண்ணீர் வரவில்லை. நாற்று உடனே செத்துவிடாது, அங்கேயே முற்றும். பிறகு நட்டால் தூர் சரியாகக் கட்டாது. நாற்றின் மேல் என்ன குற்றம்? சட்டத்துக்காகக் காத்திருக்கும் இந்தப் பெண்களின் நிலையும் அதுதான்.

அப்புறம், 'ஆதார்தான் இருக்கிறதே, குடியுரிமை கிடைத்துவிட்டது' என்று பலர் நினைக்கிறார்கள். ஆதார் இங்கே வசிப்பவருக்கான அடையாளம் மட்டுமே, குடியுரிமைச் சான்று அல்ல.