'வெறும் பூச்சு வேலைதான்' என்கிறார்கள்: அந்தப் பழைய வீட்டை வாங்கலாமா?

40 ஆண்டுப் பழைமையான சிறிய வீடு ஒன்று கைக்கெட்டும் விலையில் கிடைப்பதாகவும், படுக்கையறைக் கூரையில் மட்டும் காரை பெயர்ந்திருப்பதாகவும், விற்பவர் அதை 'வெறும் பூச்சு வேலைதான்' என்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வீட்டின் வயதோ அளவோ எனக்குக் குறையாகப் படவில்லை. அந்தப் பூச்சு வேலைதான் உறுத்துகிறது. கான்கிரீட்டுக்குள் ஈரம் இறங்கித் துருப்பிடிக்கும் கம்பி பருத்து, தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டையே பிளந்து தள்ளுமென்பதால், மேலே பூசி மறைத்தாலும் அது மறுபடி உதிரும். ஒரு கம்பால் கூரையைத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்காமல் டொக்கென்று ஒலிக்கும் இடத்தில் பிடிப்பு விட்டிருக்கக்கூடும். பெயர்ந்த இடத்தில் பழுப்புக் கறை தெரிந்தால், கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

சுவரில் மயிரிழை போன்ற விரிசல்கள் பெரும்பாலும் பூச்சோடு நிற்பவை. சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறி, நாணயம் நுழையும் அளவுக்கு அகன்றவை அடித்தளம் இறங்கியதைக் காட்டக்கூடும். நல்ல மழைக்கு மறுநாள் ஒருமுறை போய்ப் பாருங்கள் (சுவரின் அடிப்பகுதிக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்). மின்கம்பிகளும் குழாய்களும் மாற்றக்கூடியவை. அந்தச் செலவைக் கணக்கிட்டு விலையில் குறைத்துக் கேளுங்கள்.